டெக்ஸஸ்ல வீடு வாங்கியாச்சா? ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் போட்டாச்சான்னு முதல்ல பாருங்க

பால் காய்ச்சுறதுக்கு நல்ல நாள் பாக்குறோம், ப்ளைண்ட்ஸ் எந்த கடைல சல்லிசா கிடைக்கும்னு நாலு பேர்ட்ட விசாரிக்குறோம், ஆனா குடியிருக்குற சொந்த வீட்டுக்கு வரி போடுற வேல்யூவ குறைக்குற ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷனுக்கு பத்து பைசா செலவில்லாம போடக்கூடிய ஒரே ஒரு ஃபார்ம், அத மட்டும் வருஷக்கணக்கா விட்டுடுறோம். நானும் விட்டவன்தான். 2021 அக்டோபர்ல டாலஸுக்கு வடக்க வீடு வாங்குனோம், க்ளோசிங் அன்னைக்கு, அதாவது வீடு நம்ம பேருக்கு மாறுற நாள்ல, கை வலிக்க வலிக்க கையெழுத்து போட்டோம், அதுல ஏதோ ஒண்ணு ஹோம்ஸ்டெட்டுக்குன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அப்படி எதுவும் இல்ல. யாரும் போடல, யாரும் சொல்லவும் இல்ல. 2023 ஏப்ரல்ல வேல்யூ நோட்டீஸ் வந்தப்ப பக்கத்து வீட்டுக்காரர் அவரோடத எடுத்துட்டு வந்தாரு, ரெண்டையும் சாப்பாட்டு மேஜைல பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தோம். ஒரே பில்டர், ஒரே ப்ளான், ஒரே வருஷம் வாங்குன வீடு. மார்க்கெட் வேல்யூவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அவர் பேப்பர்ல எக்ஸெம்ப்ஷன்னு இருக்குற கட்டத்துல ஹோம்ஸ்டெட்னு இருந்துச்சு, என் பேப்பர்ல அந்த கட்டம் காலி. வரி போடுற வேல்யூ அவருக்கு என்னைய விட பல்லாயிரம் டாலர் கம்மி.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து ஃபார்ம் போட்டேன், 2022க்கும் சேத்து கிடைச்சுது, கட்டுன பணத்துல ஒரு பங்கு திரும்பவும் வந்துச்சு. அதுக்கப்புறம் யாராவது புதுசா வீடு வாங்குறாங்கன்னு கேள்விப்பட்டா கிரகப்பிரவேசத்துக்கு போறப்பவே இதப்பத்திதான் பேசுறேன். இங்க அதையே முழுசா எழுதிடுறேன், டெக்ஸஸுக்கு மட்டும்தான் இது, வேற ஸ்டேட்ல இருக்குறவங்களுக்கு ரூல் வேற.

முதல்ல டெக்ஸஸ்ல ப்ராப்பர்ட்டி டேக்ஸ் ஏன் இப்படி அடிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். இங்க ஸ்டேட் இன்கம் டேக்ஸ் கிடையாது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கவுண்டி, சிட்டி, கம்யூனிட்டி காலேஜ், சில இடத்துல ஹாஸ்பிட்டல் டிஸ்ட்ரிக்ட், புது கம்யூனிட்டியா இருந்தா தண்ணி டிரெய்னேஜுக்கு மட் (MUD)னு ஒரு அமைப்பு, இவங்க எல்லாரும் தனித்தனியா உங்க வீட்டு மேல வரி போடுறாங்க. எல்லாம் கூட்டுனா நிறைய ஊர்ல வீட்டு வேல்யூல 2 பர்சன்ட்ட ஒட்டி வரும், மட் இருந்தா அதுக்கும் மேல. பில்லுல பெரிய பங்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குத்தான் போகும். இத ஏன் சொல்றேன்னா எக்ஸெம்ப்ஷனும் ஒரே தொகையா மொத்த பில்லுல கழியாது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் கழியும், அது புரியாமத்தான் பல பேர் கணக்கு தப்புன்னு சண்டைக்கு போறாங்க.

ஸ்கூல் வரிக்கு வீட்டு வேல்யூலேருந்து கழிக்குற தொகை ஸ்டேட் முழுக்க ஒண்ணுதான். 2022ல 40,000 டாலரா இருந்துச்சு, 2023 நவம்பர் எலெக்‌ஷன்ல ஒரு லட்சமா ஏத்துனாங்க, 2025 நவம்பர்ல திரும்பவும் ஓட்டு போட்டு 1,40,000 ஆக்கிட்டாங்க, அது 2025 வரி வருஷத்துலேருந்தே செல்லும். அதாவது வீடு 5,00,000 டாலர்னு வச்சுக்குங்க, ஸ்கூல் வரி நூறு டாலருக்கு 1 டாலர் 10 சென்ட்னு வச்சுக்குங்க. ஹோம்ஸ்டெட் போடலன்னா 5,500 டாலர் கட்டணும். போட்டா 3,60,000க்குத்தான் வரி, 3,960 வரும். வருஷத்துக்கு 1,540 டாலர் மிச்சம், ஸ்கூல் வரில மட்டுமே. ஒரு ஃபார்ம், பத்து நிமிஷ வேலை.

சிட்டி, கவுண்டி எல்லாம் அவங்கவங்க விருப்பம். வீட்டு வேல்யூல 20 பர்சன்ட் வரைக்கும் கழிவு குடுக்கலாம்னு சட்டம் சொல்லுது, குடுத்தா கொறஞ்சது 5,000 டாலராவது குடுக்கணும். டாலஸ் சிட்டி, டாலஸ் கவுண்டி, ஹூஸ்டன் சிட்டி, ஹாரிஸ் கவுண்டி இவங்கல்லாம் முழு 20ம் குடுக்குறவங்க. சின்ன சின்ன ஊர்ல அஞ்சு, பத்துன்னு இருக்கும், சில இடத்துல ஒண்ணுமே இருக்காது. மட்ல பெரும்பாலும் பெருசா எதிர்பாக்காதீங்க. வீடு தேடுறப்பவே இத பாத்து வைங்க, ஏன்னா ரெண்டு ஊரும் ரேட் ஒண்ணாத்தான் தெரியும், கழிவு போட்டு பாத்தா வித்தியாசம் வரும்.

யார் போடலாம்? வீடு உங்க பேர்ல இருக்கணும், நீங்க நிஜமாவே அதுல குடியிருக்கணும், அதுதான் உங்களோட முக்கியமான வீடா இருக்கணும், வேற எங்கயும், வேற ஸ்டேட்லயும்கூட, இதே மாதிரி ஹோம்ஸ்டெட் நீங்க வாங்கியிருக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டிக்கு சேத்து ஒரு வீடுதான். எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி விசா பத்திதான், ஹெச்1பில இருக்கேன், கிரீன் கார்டு வரல, எனக்கு கிடைக்குமான்னு. கிடைக்கும். சிட்டிசனா இருக்கணும்னு ரூல் இல்ல, வீடு உங்களுது, நீங்க அதுல இருக்கீங்க, டெக்ஸஸ் லைசென்ஸ் இருக்கு, அது போதும். விசாவ நெனச்சு பயந்து நாலு வருஷம் போடாம இருந்த ஒருத்தர எனக்கு நேர்லயே தெரியும், அவர் போடப்போனப்ப பழைய வருஷத்துல ரெண்டுதான் திரும்ப எடுக்க முடிஞ்சுது, மத்தது போனது போனதுதான். வீட்ட எல்எல்சி கம்பெனி பேர்ல வாங்கியிருந்தா கிடைக்காது. ட்ரஸ்ட் பேர்ல மாத்தியிருந்தா கிடைக்கும், ஆனா ட்ரஸ்ட் டாக்குமென்ட்ல அதுக்கு தேவையான வாசகம் இருக்கணும், எழுதுன வக்கீல்ட்டயே அத கேட்டு வாங்கிடுங்க.

இப்ப எப்படி போடுறதுன்னு பாப்போம்.

உங்க வீடு எந்த கவுண்டில இருக்கோ அந்த கவுண்டியோட அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்லதான், அதாவது வீட்டுக்கு வேல்யூ போடுற ஆபீஸ்லதான் போடணும். டேக்ஸ் ஆபீஸ் வேற, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வேற, டேக்ஸ் ஆபீஸ்ல போய் நின்னீங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. ஊர் பேர வச்சும் முடிவு பண்ணாதீங்க, ஃப்ரிஸ்கோ மாதிரி ஊரெல்லாம் பாதி காலின் கவுண்டில, பாதி டென்டன் கவுண்டில இருக்கு. க்ளோசிங் பேப்பர்ல கவுண்டி பேர் இருக்கும், அத பாருங்க. அந்த டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல ப்ராப்பர்ட்டி சர்ச்னு இருக்கும், அட்ரஸ் போட்டா உங்க வீடு வரும், ப்ராப்பர்ட்டி ஐடி நம்பர் கிடைக்கும். ஓனர் பேர்ல இன்னும் பில்டரோ பழைய ஓனரோ இருந்தா பதற வேண்டாம், பத்திரம் ஏற கொஞ்ச வாரம் ஆகும், பேர் மாறுனதும் போடுங்க.

ஃபார்ம் நம்பர் 50-114. ஸ்டேட் முழுக்க இதே ஃபார்ம்தான். பெரிய கவுண்டிலல்லாம் ஆன்லைன்லயே போடலாம், முடியாதவங்க பிரிண்ட் எடுத்து தபால்ல அனுப்பலாம், நேர்லயும் குடுக்கலாம். ஃபீஸ் கிடையாது. வீடு எப்ப வாங்குனீங்க, எப்ப குடி வந்தீங்கன்னு ரெண்டு தேதி கேக்கும், ரெண்டும் வேற வேற, சாவி வாங்குன தேதியவே ரெண்டுலயும் போட்டுடாதீங்க, பழைய அபார்ட்மென்ட் லீஸ் முடியுற வரைக்கும் அங்கயே இருந்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா அந்த தேதிய போடுங்க. எத்தனை பர்சன்ட் ஓனர்னு கேக்கும், பிறந்த தேதி கேக்கும், கூட ஓனரா இருக்குறவங்க பேர் கேக்கும். கடைசில கையெழுத்து. அந்த கையெழுத்துதான் பல பேர் மறக்குறது.

நிறைய அப்ளிகேஷன் அடிபடுறது லைசென்ஸ் அட்ரஸ்ல. டெக்ஸஸ் டிரைவர் லைசென்ஸோ ஐடி கார்டோ, அதுல இருக்குற அட்ரஸும் வீட்டு அட்ரஸும் ஒண்ணா இருக்கணும். பழைய அபார்ட்மென்ட் அட்ரஸ் இருந்தா அப்ளிகேஷன் நிக்கும். வீடு மாறுனா 30 நாளுக்குள்ள லைசென்ஸ்ல அட்ரஸ் மாத்தணும்னு எப்படியும் ரூல் இருக்கு, அதனால முதல்ல அத மாத்துங்க, புது கார்டு கைல வந்ததும் ஃபோட்டோ எடுத்து ஃபார்மோட சேத்து போடுங்க. ரெண்டு பேர் பேர்லயும் வீடு இருந்தா ரெண்டு லைசென்ஸையும் மாத்திடுங்க, அதுதான் வம்பில்லாத வழி. அபார்ட்மென்ட் நம்பர் ஒட்டிக்கிட்டு இருக்குறது, தெரு பேர்ல டிரைவுக்கு பதிலா லேன்னு விழுந்திருக்குறது, இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுக்கே திருப்பி அனுப்புன லெட்டர நான் பாத்திருக்கேன்.

எப்ப போடணும்? மே 1க்கு முன்னாடி, அதாவது ஏப்ரல் 30க்குள்ள போட்டுடணும். முன்னாடியெல்லாம் ஜனவரி 1ம் தேதி அந்த வீட்ல இருந்தாத்தான் அந்த வருஷத்துக்கு கிடைக்கும், 2022லேருந்து அத மாத்திட்டாங்க, வருஷ நடுவுல வாங்குனாலும் குடி வந்ததும் போடலாம், பழைய ஓனர் அந்த வருஷத்துக்கு அதே எக்ஸெம்ப்ஷன வாங்காம இருந்திருந்தா உங்களுக்கு இருந்த நாள் கணக்குக்கு கிடைக்கும். புது பில்டர் வீடு வாங்குறவங்களுக்கு இது ரொம்ப உதவும், ஏன்னா பில்டர் பேர்ல ஹோம்ஸ்டெட் இருக்காதுல்ல. அதனால ஜனவரி வரட்டும்னு காத்திருக்காதீங்க.

ஏப்ரல் தாண்டிடுச்சா, அப்பவும் விடாதீங்க. வரி பாக்கியாகுற தேதி, அது பிப்ரவரி 1, அதுலேருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் லேட் அப்ளிகேஷன் எடுத்துப்பாங்க. கணக்கா சொன்னா 2024 வருஷத்து வரி 2025 பிப்ரவரி 1ல பாக்கியாகும், அதனால 2027 ஜனவரி முடியுறதுக்குள்ள 2024க்கு போடலாம். ஃபார்ம்ல எந்த வருஷத்துக்குன்னு எழுதுற இடம் இருக்கு, அதுல பழைய வருஷத்த தெளிவா எழுதுங்க, அத எழுதாம விட்டா இந்த வருஷத்துக்கு மட்டும் போட்டு அனுப்பிடுவாங்க. ஏற்கனவே வரி கட்டியிருந்தா ரீஃபண்ட் வரும், மார்ட்கேஜ் கம்பெனி எஸ்க்ரோலேருந்து (மாசத்தவணையோட வரிக்குன்னு சேத்து வாங்கி வைக்குற பணம்) கட்டியிருந்தா செக் யாருக்கு போகுதுன்னு டேக்ஸ் ஆபீஸ்ல கேட்டு வச்சுக்குங்க.

இதுக்கு நடுவுல ஒரு தொல்லை இருக்கு. வீடு வாங்குன கொஞ்ச நாள்லயே கவர்மென்ட் லெட்டர் மாதிரியே முத்திரை, பெரிய எழுத்துல கடைசி தேதி எல்லாம் போட்டு ஒரு கடுதாசி வரும், இவ்வளவு பணம் அனுப்புங்க, ஹோம்ஸ்டெட் போட்டு தர்றோம்னு. கட்டாதீங்க. அது ப்ரைவேட் ஆளுங்க, சும்மா கிடைக்குற ஃபார்ம நெரப்பி தர்றதுக்கு காசு கேக்குறாங்க. வயசானவங்க இருக்குற வீட்ல இத நம்பி செக் எழுதிடுறாங்க, அத பாக்குறப்ப மனசு ஆறாது. ஆனா எல்லா லெட்டரையும் குப்பைல போட்டுடாதீங்க, 2023ல வந்த சட்டப்படி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களான்னு சரிபாக்கணும், அந்த லெட்டர் நிஜமானது, பதில் அனுப்பலன்னா இருக்குற கழிவையும் எடுத்துடுவாங்க. காசு கேக்குதான்னு பாருங்க. டிஸ்ட்ரிக்ட்லேருந்து வர்ற லெட்டர் காசு கேக்காது. சந்தேகம்னா லெட்டர்ல இருக்குற நம்பருக்கு கூப்பிடாம வெப்சைட்ல இருக்குற நம்பருக்கு கூப்பிட்டு கேளுங்க.

சரி, அந்த 1,540 டாலர் மட்டும்தான் லாபம்னு நெனச்சா பாதிதான் புரிஞ்சிருக்கு. ஹோம்ஸ்டெட்டுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்குற பெரிய விஷயம் 10 பர்சன்ட் கேப். ஹோம்ஸ்டெட் இருக்குற வீட்டுக்கு மார்க்கெட் வேல்யூ எவ்வளவு ஏறுனாலும் வரி போடுற வேல்யூ வருஷத்துக்கு 10 பர்சன்ட்டுக்கு மேல ஏறக்கூடாது, நீங்க புதுசா ரூம் கட்டுனது, நீச்சல் குளம் போட்டது அதெல்லாம் தனி. ஹோம்ஸ்டெட் கிடைச்ச முதல் முழு வருஷத்துக்கு அடுத்த வருஷம் ஜனவரி 1லேருந்து இது ஆரம்பிக்கும். 2024 அக்டோபர்ல வாங்குன வீடுன்னா 2025 முதல் முழு வருஷம், 2026ல கேப் வரும். 2025ல 5,00,000 இருந்த வீடு 2026ல 5,80,000ன்னு நோட்டீஸ் வந்தாலும் 5,50,000க்கு மேல வரி போட முடியாது, அந்த 5,50,000லேருந்துதான் 1,40,000 கழியும். எங்க ஏரியால 2022, 2023ல வேல்யூ எகிறுனப்ப ஹோம்ஸ்டெட் போட்டவங்கள காப்பாத்துனது இந்த கேப்தான், என் மேஜைல கிடந்த ரெண்டு நோட்டீஸுக்கும் நடுவுல இருந்த பெரிய வித்தியாசமும் இதுதான். ஒரு வருஷம் போடாம விட்டா கேப்பும் ஒரு வருஷம் தள்ளிப்போகும், வேல்யூ அதுக்குள்ள ஏறிட்டா அந்த ஏத்தம் அடுத்த வருஷங்களுக்கும் கூடவே வரும்.

இதே கேப்தான் வீடு வாங்குறவங்கள ஏமாத்தவும் செய்யுது. பழைய ஓனர் பதினஞ்சு வருஷமா அங்க இருந்திருப்பாரு, கேப்பால அவரோட வரி கம்மியா இருக்கும், 65 வயசு தாண்டியிருந்தா இன்னும் கம்மி. வெப்சைட்ல வீட்டு விலை பக்கத்துல போன வருஷத்து வரி 6,000னு போட்டிருக்கும், நீங்களும் அத வச்சு மாசத்தவணை கணக்கு போடுவீங்க. ஆனா கேப் வீட்டோட ஒட்டுனது இல்ல, ஓனரோட ஒட்டுனது. அவர் வித்துட்டா அடுத்த ஜனவரில வேல்யூ நேரா மார்க்கெட்டுக்கு போயிடும். அதனால பழைய ஓனர் கட்டுன தொகைய பாக்காதீங்க, நீங்க வாங்குற விலைலேருந்து உங்களுக்கு கிடைக்கப்போற கழிவ ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கழிச்சு, மிச்சத்த அவங்கவங்க ரேட்டால பெருக்கி நீங்களே கணக்கு போடுங்க.

புது வீட்ல வேற மாதிரி அடி விழும். ஜனவரி 1ம் தேதி வீடு எந்த நிலைல இருந்துச்சோ அந்த வேல்யூக்குத்தான் அந்த வருஷத்து வரி. அன்னைக்கு வெறும் மண்ணா கிடந்திருந்தா முதல் வருஷம் பில்லு நிலத்துக்கு மட்டும் வரும், சந்தோஷமா இருக்கும், சில சமயம் மார்ட்கேஜ் கம்பெனி அத வச்சே எஸ்க்ரோ பிடிப்பாங்க. அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் பில்லு வரும், எஸ்க்ரோல துண்டு விழும், அந்த துண்டையும் சேத்து வசூல் பண்றப்ப மாசத்தவணை திடீர்னு பல நூறு டாலர் ஏறும். எங்க தெருவுல ஒரு சின்ன குடும்பம், கைக்குழந்தையோட, இந்த லெட்டர கைல வச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, அந்த பொண்ணு முகத்த என்னால மறக்க முடியல. முதல் வருஷம் பில்லு கம்மியா வந்தா மிச்ச பணத்த தனியா எடுத்து வைங்க, ஹோம்ஸ்டெட் அப்ரூவ் ஆனதும் அந்த பேப்பர மார்ட்கேஜ் கம்பெனிக்கு அனுப்பி எஸ்க்ரோவ திரும்ப கணக்கு போட சொல்லுங்க.

அடுத்தது 65 வயசு. வீட்டு ஓனருக்கு 65 ஆயிட்டா ஸ்கூல் வரி போடுற வேல்யூல இன்னொரு 60,000 டாலர் கழியும், 2025க்கு முன்னாடி இது வெறும் 10,000தான். 1,40,000ம் 60,000ம் சேத்து 2,00,000. மேல சொன்ன அதே வீட்டுக்கு ஸ்கூல் வரி 3,300 ஆயிடும். அந்த வருஷத்துல எந்த மாசம் 65 ஆனாலும் முழு வருஷத்துக்கும் கிடைக்கும். இதவிட முக்கியமானது சீலிங், நம்ம ஆளுங்க ஃப்ரீஸ்னு சொல்லுவாங்க. 65 ஆன வருஷத்துல எவ்வளவு ஸ்கூல் வரி வந்துச்சோ அதுக்கு மேல ஏறாது, வேல்யூ எவ்வளவு ஏறுனாலும் சரி, புதுசா எதுவும் கட்டாத வரைக்கும். கூரை மாத்துறது, பெயிண்ட் அடிக்குறது மாதிரி ரிப்பேர் வேலையெல்லாம் அதுல சேராது. நிறைய சிட்டி, கவுண்டிகளும் இதே ஃப்ரீஸ குடுக்குறாங்க. பிறந்த தேதி ஏற்கனவே ஃபார்ம்ல இருந்தா தானா ஏறுறதும் உண்டு, ஆனா அத நம்பி உக்காந்திருக்க வேணாம், 65 ஆன வருஷம் வெப்சைட்ல உங்க வீட்ட தட்டி ஓவர் 65னு வந்திருக்கான்னு பாருங்க, இல்லன்னா அதே 50-114ல அந்த கட்டத்த டிக் பண்ணி போடுங்க.

எங்க கோயில்ல பாக்குற ஒரு அம்மா, வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டாரு, அவருக்கு 68, இவங்களுக்கு 58. இனிமே அந்த சலுகையெல்லாம் போச்சு, வீட்ட வித்துட்டு பையன் வீட்டுக்கு போயிடணும்னு அழுதாங்க. அந்த சலுகை போகல. கணவன் மனைவில ஒருத்தர் 65 சலுகையோட இருந்து தவறிட்டா, அப்ப இன்னொருத்தருக்கு 55 வயசாவது ஆயிருந்து அதே வீட்லயே இருந்தா அந்த கழிவும் ஃப்ரீஸும் அவங்களுக்கு தொடரும், ஆனா அவங்க பேர்ல அப்ளை பண்ணணும். டெத் சர்டிஃபிகேட்டோட போய் ஃபார்ம் குடுத்தோம், கிடைச்சுது. அவங்க இன்னும் அதே வீட்லதான் இருக்காங்க, அவர் நட்டு வச்ச கறிவேப்பிலை தொட்டிக்கு பக்கத்துல. இந்த ஒரு ரூல தெரியாம எத்தனை பேர் வீட்ட வித்தாங்களோ.

அப்புறம் எல்லாரும் கேக்குறது. ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அவங்கள பத்திரத்துல சேத்துட்டா 65 சலுகை கிடைக்குமான்னு. அவங்க ஓனராவும் இருக்கணும், இது அவங்களோட நிரந்தர வீடாவும் இருக்கணும். ஆறு மாச விசிட்டர் விசால வந்து பேரப்பிள்ளைய பாத்துட்டு போறவங்களுக்கு இது பொருந்தாது, அதுக்காக பத்திரத்துல பேர் சேக்காதீங்க. கிரீன் கார்டு வாங்கி இங்கயே உங்களோட இருக்குறாங்கன்னா அது வேற, ஆனா அப்பவும் பத்திரம் மாத்துறது மார்ட்கேஜ், கிஃப்ட் டேக்ஸ், நாளைக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி பங்குன்னு எல்லாத்தையும் தொடும். வரி மிச்சத்துக்காக மட்டும் அத செய்யாதீங்க, ஒரு வக்கீல்ட்ட காசு குடுத்து கேட்டுட்டு செய்யுங்க.

65 ஆனவங்களுக்கு இன்னும் ரெண்டு வசதி உண்டு. வரிய நாலு தவணையா கட்டலாம், பிப்ரவரி 1, ஏப்ரல் 1, ஜூன் 1, ஆகஸ்ட் 1, இந்த நாலு தேதிக்கும் முன்னாடி ஒவ்வொரு தவணை. ரொம்ப முடியாதவங்க 50-126 ஃபார்ம் போட்டு வரிய தள்ளிவைக்கலாம். ஆனா அது தள்ளிவைப்புதான், தள்ளுபடி இல்ல. வருஷத்துக்கு 5 பர்சன்ட் வட்டி ஏறிக்கிட்டே இருக்கும், வீட்டு மேல கடனா நிக்கும், அவங்க காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்க கட்டணும். மார்ட்கேஜ் இன்னும் பாக்கி இருந்தா அந்த கம்பெனிட்ட கேக்காம இத செய்யவே செய்யாதீங்க.

உடல் ஊனம் உள்ளவங்க, சோஷியல் செக்யூரிட்டி விதிப்படி டிசேபிள்ட்னு தகுதி உள்ளவங்களுக்கும் அதே 60,000மும் ஃப்ரீஸும் உண்டு, ஆனா 65 சலுகையும் இதுவும் ஒரே இடத்துல ரெண்டும் கிடைக்காது. ராணுவத்துல இருந்து நூறு பர்சன்ட் டிசேபிலிட்டி வாங்குனவங்களுக்கு வீட்டு வரி முழுசாவே கிடையாது, நம்ம பிள்ளைங்கள்ல ஆர்மி, நேவில சேந்தவங்க இருக்காங்க, அவங்க வீட்ல இத சொல்லி வைங்க. கூரைல சோலார் போட்டிருந்தா அதனால ஏறுன வேல்யூக்கு வரி இல்ல, 50-123 ஃபார்ம். புயல், வெள்ளத்துல வீடு அடிபட்டு கவர்னர் டிசாஸ்டர்னு அறிவிச்ச கவுண்டில இருந்தீங்கன்னா, சேதம் 15 பர்சன்ட்டோ அதுக்கு மேலயோ இருந்தா அந்த வருஷத்துக்கு தற்காலிகமா கழிவு கேக்கலாம், அறிவிச்ச 105 நாளுக்குள்ள போடணும். 2024 ஜூலைல பெரில் புயல் ஹூஸ்டன அடிச்சுட்டு போனப்ப இன்ஷூரன்ஸ் அலைச்சல்ல இத மறந்தவங்க நிறைய.

போட்டதுக்கப்புறம் ஏப்ரல், மே மாசத்துல வர்ற நோட்டீஸ கண்டிப்பா பிரிச்சு பாருங்க. எக்ஸெம்ப்ஷன் வந்திருக்கா, ஸ்கூலுக்கு நேரா 1,40,000 இருக்கா, கேப் வேல்யூ தனியா காட்டுதான்னு ஒவ்வொரு வரியா பாருங்க. அப்ளிகேஷன மறுத்துட்டாங்கன்னு லெட்டர் வந்தா அதோட விட்டுடாதீங்க, 30 நாளுக்குள்ள ப்ரொட்டஸ்ட், அதாவது ஆட்சேபணை மனு, போடலாம், பெரும்பாலும் லைசென்ஸ் அட்ரஸ்தான் காரணமா இருக்கும், அத சரி பண்ணி திரும்ப போட்டா முடிஞ்சுது. வேல்யூவே ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா அதுக்கு தனி ப்ரொட்டஸ்ட், மே 15 இல்லன்னா நோட்டீஸ் வந்து 30 நாள், இதுல எது பின்னாடி வருதோ அதுக்குள்ள. ஹோம்ஸ்டெட் இருக்குன்னு ப்ரொட்டஸ்ட் போடாம இருக்க வேண்டியதில்ல, ரெண்டும் ரெண்டு வேலை.

ஊருக்கு போறவங்க கவனிங்க. அப்பாவுக்கு ஆபரேஷன், அம்மாவ பாத்துக்கணும்னு எட்டு மாசம் மதுரைல போய் உக்காந்தாலும் ஹோம்ஸ்டெட் போகாது, ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பி வர்ற எண்ணம் இருந்து, வேற வீட்ட முக்கியமான வீடா ஆக்கிக்காத வரைக்கும். ஆனா வேற ஸ்டேட்ல வேலை கிடைச்சு போயிட்டு இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டீங்கன்னா அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுதி எக்ஸெம்ப்ஷன எடுக்க சொல்லிடுங்க. சொல்லாம வச்சிருந்து கண்டுபிடிச்சா அஞ்சு வருஷம் வரைக்கும் பின்னாடி போய் வரி போடுவாங்க, வாடகைல மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போயிடும்.

டெக்ஸஸுக்குள்ளயே வேற வீடு மாறுனாலும் பழைய ஹோம்ஸ்டெட் கூட வராது, புது வீட்டுக்கு புது 50-114தான். 65 ஆனவங்க மட்டும் ஃப்ரீஸோட பங்க புது வீட்டுக்கு கொண்டு போகலாம், பழைய வீட்டுக்கு எத்தனை பர்சன்ட் வரி குறைஞ்சு இருந்துச்சோ அதே பர்சன்ட் புது வீட்டுக்கும் குறையும். அதுக்கு பழைய அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல டேக்ஸ் சீலிங் சர்டிஃபிகேட்னு கேட்டு வாங்கணும், வீட்ட வித்து சாவி குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க, புது ஃபார்மோட சேத்து அத குடுங்க.